பிள்ளை மாத்தி

எங்கள் தோட்டத்து லயத்தில், ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், வீரன் என்று பெயர் எடுத்தவன் என் அண்ணன். ஒரு சாயங்காலம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தபோது, தேயிலைக்குள் ஒரு சிறுத்தை நாயைப் பிடிக்கப் பதுங்கி இருந்ததாம். இவன் கையில் இருந்த கவ்வாத்துக் கத்தியை ஓங்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டானாம். அது ஓடிவிட்டது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் எங்கள் லயத்தில் வாய்க்கு என்ன பஞ்சம்? முதல் வாரம் நாய் அளவில் இருந்த சிறுத்தை, தீபாவளிக்குள் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. அடுத்த மாரியம்மன் திருவிழா வந்தபோது அதற்கு ஒரு ஜோடியும் சேர்ந்துகொண்டது.

கதை பங்களா வரைக்கும் போய், துரை தன் பழைய கோட்டு ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தார். அது அவனுக்கு முழங்கால் வரை தொங்கும். திருவிழா, கல்யாணம், இழவு எதுவானாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போவான். "புலிக்கார அண்ணன் வாறாரு" என்று சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். இவனும் தலையைத் திருப்பாமல் நடப்பான். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். "அந்த நாய்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கணும்" என்பேன். என் வாய் அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

இது பதுளைக்கு ரயில் வராத காலத்துச் சங்கதி. ஸ்பிரிங்வெளிக்கும் மேலே ஏறிப் போனால் ஒரு சின்னத் தோட்டம். எனக்குப் பதினாறு, பதினேழு வயது, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பதுளைக் கடைத்தெருவில் வாழ்க்கைப்பட்டேன். கடைக்கு வருகிற பொட்டலக் காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்து, இதை எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் கடையில் இரண்டு பேர் உட்கார்ந்து, வீரன் என்றால் யார் என்று வெற்றிலையை மென்றபடி வெகு நேரம் வாதாடினார்கள். பட்டாளத்துக்குப் போனவன்தான் வீரன் என்றார் ஒருத்தர். மதம் பிடித்த யானை முன்னால் நிற்கிறவன்தான் என்றார் மற்றவர். நான் அரிசி அளந்துகொண்டே கேட்டேன். எனக்கு என் அண்ணி ஞாபகம்தான் வந்தது.

அண்ணி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததே இல்லை. அட்டை கடித்தால் அழுவாள். இடி இடித்தால் கூடையோடு அப்படியே குந்திவிடுவாள். கங்காணி தூரத்தில் இருமினாலே கை நடுங்கி, கொழுந்தோடு முற்றின இலையும் சேர்ந்து வரும். எங்கள் அம்மா கூப்பிட்டால் எச்சிலை விழுங்கிக்கொண்டுதான் "என்னங்க அத்தை" என்பாள். "புலியை வெரட்டினவனுக்குப் பூனைக்குட்டியைக் கட்டி வச்சிருக்கேன்" என்று அம்மா பீலிக்கரையில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவாள். அண்ணி அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

பீலி என்றால் மலைத் தண்ணீரை மூங்கிலில் இறக்கி விழ விடுகிற இடம். எங்கள் தோட்டத்தில் இரண்டு பீலி. ஒன்று மேல் லயத்துக்கு, ஒன்று கீழ் லயத்துக்கு. மேல் லயம் நாங்கள். கீழ் லயத்தில் இருந்தவர்கள் வேறு சாதி, அவர்களை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். வேலை ஒன்றுதான், கங்காணி ஒருத்தர்தான், தின்கிற அரிசியும் ஒரே சாக்கு அரிசிதான். எல்லாரும் ஒரே தோணியில் ஒன்றாக வாந்தி எடுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்கள். மலை ஏறி மூச்சு வாங்கியதும் முதல் வேலையாகப் பீலியை இரண்டாக்கினார்கள். அட, என்ன அக்கறை!

என் அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. அவளையும் சும்மா சொல்லக் கூடாது. அண்ணனை இடுப்பிலும் என்னை வயிற்றிலும் வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து வந்தவள். வழியில் எங்கள் அப்பாவுக்கு வாந்திபேதி கண்டு, அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்திருக்கிறாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரம், நகை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. போகாமல் அவளிடம் மிஞ்சியிருந்தது சாதி ஒன்றுதான். அதை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு லயமும் ஒன்றாகச் சேருகிற ஒரே இடம் பிள்ளைக் காம்பரா. தாய்மார்கள் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகை அது. விடியற்காலை தப்பு அடித்ததும் பிள்ளைக்குப் பால் கொடுத்து அங்கே போட்டுவிட்டு, ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும். அப்புறம் பத்து மணிக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை இறங்கி வந்து பால் கொடுக்கலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆயா. அவளும் எங்கள் லயத்துக்காரிதான். உத்தரத்தில் ஒரு பக்கம் எங்கள் தொட்டில்கள், மறுபக்கம் அவர்கள் தொட்டில்கள். ஆயா இரண்டு பக்கமும் ஆட்டுவாள். சாயங்காலம் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள்.

தொட்டில் என்றால் வேறென்ன, அரிசிச் சாக்குத்தான். எல்லாச் சாக்கும் ஒன்றுபோல இருப்பதால் ஒவ்வொரு தாயும் அடையாளத்துக்குக் கயிற்றில் ஒரு துணியைக் கிழித்துக் கட்டுவாள். எங்கள் வீட்டுத் தொட்டிலுக்கு என் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணி. அண்ணிக்கு அப்போது முதல் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெண் பிள்ளை. கருகருவென்று தலை நிறைய முடி.

கார்த்திகை மாதம் எங்கள் பக்கம் மழையும் மூட்டமும் ஒன்றையொன்று விடாது. பக்கத்து நிரையில் நிற்கிறவள் முகம் தெரியாது, இருமலை வைத்துத்தான் ஆள் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு காலையில் அண்ணி பால் கொடுக்க இறங்கினாள். எனக்கும் காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. ஆயாவிடம் சுண்ணாம்பு வாங்கித் தடவலாம் என்று நானும் கூடவே போனேன். காம்பராவுக்குள் ஆயா சாக்குகளைக் காயவைக்க நெருப்புப் போட்டிருந்தாள். ஒரே புகை. காய்ந்த சாக்குகளை அவசரத்தில் இடம் மாற்றிக் கட்டிவிட்டிருக்கிறாள். அண்ணி சிவப்புத் துணி தொங்கின தொட்டிலில் கையைவிட்டு, சுற்றியிருந்த கந்தலோடு பிள்ளையை எடுத்து, கம்பளிக்குள் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபக்கத் தொட்டிலில் இருந்து எங்கள் பிள்ளை வீரிட்டது. அதன் அழுகை எனக்குத் தெரியாதா? ஆயா ஓடிவந்து கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி பாவி மகளே! அது அந்தப் பக்கத்துப் பிள்ளைடி! கீழே போடுடி!"

அண்ணி குனிந்து பார்த்தாள். அது கீழ் லயத்தில் கான், அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், வெட்டுகிறவரின் ஆண் பிள்ளை. எங்கள் பிள்ளைக்கு ஒரு வாரம் பிந்திப் பிறந்தது. அதன் தாய்க்குப் பிரசவக் காய்ச்சல். எழும்ப முடியாமல் கிடந்தாள். ஆயா கஞ்சித் தண்ணியைத் துணியில் நனைத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் பிள்ளையை அவள் விலக்கவில்லை.

"குடிச்சிக்கிட்டு இருக்கானேங்க" என்றாள்.

குடித்து முடித்து அது தானாக வாயை எடுத்த பிறகுதான் தொட்டிலில் போட்டாள். அன்று சாயங்காலம் மேல் லயமே எங்கள் முற்றத்தில் நின்றது. அம்மா அண்ணியைப் பீலிக்கு இழுத்துப்போய், அந்தக் குளிரில் மஞ்சள் தண்ணியைத் தலையில் ஊற்றினாள். "கண்ணை எங்கடி வச்சிருந்த? பெத்த பிள்ளைக்கும் ஊரான் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவ எல்லாம் என்னடி பொம்பளை?" அண்ணி பல் கிட்டிக்க நின்றுகொண்டு, "மூட்டமா இருந்துச்சுங்க அத்தை, தெரியலைங்க" என்றாள். போகட்டும், தெரியாமல் நடந்தது என்று எல்லாரும் கலைந்தார்கள்.

அந்த வாரமே அந்தத் தாய் செத்துப்போனாள். கீழ் லயத்தில் அப்போது பால் கொடுக்கிறவள் வேறு யாரும் இல்லை. தகப்பன் பங்களா மாட்டுக்காரனைக் கெஞ்சிக் கொஞ்சம் பசும்பால் வாங்கி வந்தார்; பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததெல்லாம் வயிற்றால் போய்விட்டது. "தாய்ப்பால் இல்லாட்டி இது தங்காதும்மா" என்று மருந்துக்கார ஐயாவும் ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அழவும் தெம்பு இல்லை. தொட்டிலுக்குள் கண்ணை மட்டும் திறந்துகொண்டு கிடக்கும்.

மறுபடியும் பிள்ளை மாறியது.

சாயங்காலம் மறுபடியும் மஞ்சள் தண்ணி, மறுபடியும் ஏச்சு, மறுபடியும் "மூட்டமா இருந்துச்சுங்க அத்தை." அடுத்த நாளும் மாறியது. அதற்கடுத்த நாளும். லயத்தில் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அண்ணிக்குப் "பிள்ளை மாத்தி" என்று பெயர் வைத்தார்கள். மலையில் அவள் நிரைக்கு வந்ததும், "ஏ பிள்ளை மாத்தி, உன் கூடைன்னு நெனச்சு என் கூடையில கொழுந்தைப் போட்டுடாத, இல்லாட்டி போடு, எனக்கு லாபம்தான்" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "ராத்திரியில புருஷனையாவது சரியாப் பார்த்துக்கடி" என்று இன்னொருத்தி முடிப்பாள். அண்ணி குனிந்து கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். எனக்குத்தான் ஆத்திரம். என் அண்ணியை நான் ஏசுவேன். அது எங்கள் வீட்டுச் சமாசாரம். கண்டவள் எல்லாம் ஏசுவதற்கு அவள் என்ன ஊர்ப் பொதுவா? ஒரு நாள் ஒருத்தியின் கூடையை எட்டி உதைத்து, கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டி, கங்காணியிடம் நானும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு தெரியலைன்னா கையால தடவிப் பாருங்களேன். நம்ம பிள்ளைக்குத் தலை நிறைய முடி, அதுக்கு மொட்டை!" அவள் "சரி தங்கச்சி" என்றாள். நான் அதோடு விடவில்லை. எங்கள் தொட்டிலுக்குச் சிவப்புத் துணியைப் பெரிதாகக் கிழித்து, குருடனுக்கும் தெரிகிற மாதிரி நானே கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தத் துணி மறுபக்கத் தொட்டிலில் ஆடிக்கொண்டிருந்தது. ஆயாவைக் கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், காத்து அடிச்சிருக்கும்" என்றாள். துணியை அவிழ்த்து இன்னொரு தொட்டிலில் முடிச்சுப் போடுகிற காற்றை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் பெரட்டுக்கு முன்னாலேயே போய்க் காம்பராவுக்குப் பின்னால் நின்றேன். அண்ணி வந்தாள். எங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள். அங்கேயும் இங்கேயும் பார்த்தாள். சிவப்புத் துணியை அவிழ்த்து மறுபக்கத் தொட்டிலில் கட்டினாள். முடிச்சு விழவே மாட்டேன் என்றது. ஆயா அடுப்பை ஊதுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரட்டுக்குப் போகிற வழியில் மறித்துக் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சுதான் செய்யிறீங்களா அண்ணி?"

அவள் அங்கேயே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட சொல்லிடாத தங்கச்சி. எனக்குப் பயமா இருக்கு."

"பயம்னா ஏன் செய்யிறீங்க?"

"தெரிஞ்சு செஞ்சாத்தானே தப்பு? தெரியாம செஞ்சா சாமி மன்னிச்சிடும், அத்தையும் தண்ணி ஊத்தி உட்டுடுவாங்க. அதான் தெரியாமயே செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். "நம்ம பிள்ளைக்குப் பால் பத்துமா?" என்று கேட்டேன். "அவளுக்கு ஒரு பக்கம், அவனுக்கு ஒரு பக்கம். பத்தலைன்னா நான் இன்னும் கொஞ்சம் கஞ்சி குடிச்சிக்கிறேன்" என்றாள். தினமும் சாயங்காலம் குளிர்ந்த தண்ணியில் நனைவது, ஊரே வாய்க்கு வந்தபடி பேசுவது, கூறு கெட்டவள் என்று பெயர் எடுப்பது எல்லாம் அவளுக்குச் சின்ன விஷயமாக இருந்ததா என்றால், இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் பயந்தாள். பீலிக்குப் போகும்போதே அழ ஆரம்பித்துவிடுவாள். மறுநாள் காலையில் போய்த் துணியை மாற்றிக் கட்டுவாள்.

அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காம்பரா கிடையாது. அண்ணி விறகு பொறுக்கப் போவாள், கான் வெட்டுகிறவர் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டு ஓரத்தில் வைத்திருப்பார். விறகு கொஞ்சமாகத்தான் வரும். "போன நேரத்துக்கு ரெண்டு சுள்ளியா?" என்று அம்மா ஏசுவாள். கொஞ்ச நாளில், ஞாயிறு தோறும் எங்கள் முற்றத்து ஓரத்தில் ஒரு கட்டு நல்ல விறகு கிடக்க ஆரம்பித்தது. யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அதைத் தொடவும் இல்லை.

பிள்ளை தேறியது. கன்னம் வந்தது. முதலில் முனகியது, பிறகு நன்றாகவே அழுதது. அதன் அழுகையைக் கேட்டு ஆயா காம்பராவுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் மூட்டம் இருந்த வரைக்கும்தான். தை போய் மாசி வந்தது. மழை நின்றது. வானம் கழுவித் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. எதிர் மலையில் போகிற மாட்டு வண்டியை எண்ணலாம். லயத்துப் பெரியவர்கள் வந்து எங்கள் முற்றத்தில் நின்றார்கள். "இத்தனை நாள் மூட்டம்னா, நாங்களும் மூட்டம்னுதான் சொன்னோம். இப்ப வெயில் அடிக்குது. இனிமேயும் பிள்ளை மாறினா உங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கமாட்டோம், நாளைக்கு உன் மகளுக்குச் சம்பந்தம் பேசவும் ஆள் வராது" என்று அம்மாவிடம் சொன்னார்கள். மகள் என்றது என்னை.

அவர்கள் போனதும் அம்மா அண்ணியைக் கூப்பிட்டாள். "நாளைக்கு நானே காம்பராவுக்கு வந்து நிக்கிறேன். மூட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாளைக்கும் உனக்குப் பிள்ளை மாறிச்சுன்னா, உன் மகளைத் தூக்கிக்கிட்டு அப்படியே ஹல்துமுல்லைக்கு நடையைக் கட்டு. என் மகனுக்கு வேற பொண்ணா கெடைக்காது?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் வாசலில் குந்திக் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. தீட்டிக்கொண்டே இருந்தான், அன்றைக்கு அந்தக் கத்தி தேய்ந்தே போயிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. "அண்ணே, புலியை வெரட்டின வாயி எங்கண்ணே போச்சு?" என்று கேட்டேன். "சும்மா இருடி" என்றாள் அம்மா. அண்ணி உள்ளே போய் என் அண்ணன் மகளை மடியில் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் துரத்தினால் கீழ் லயத்துப் பிள்ளை என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் அப்படி ஒரு வெயில். அம்மா மலைக்குப் போகாமல் காம்பரா வாசலில் வந்து நின்றாள். பத்து மணிக்குப் பால் கொடுக்கிறவர்கள் இறங்கினார்கள். பிள்ளையே இல்லாதவர்கள் நாலைந்து பேரும் காரணம் சொல்லிக்கொண்டு இறங்கினார்கள், அதில் நானும் ஒருத்தி. கடைசியாக அண்ணி வந்தாள். இடி இடிக்கும்போது நடுங்குவாளே, அதே நடுக்கம். கூடையை இறக்கிவைக்கத் தெரியாமல் இறக்கிவைத்தாள். உள்ளே போனாள். அன்றைக்கு எந்தத் தொட்டிலிலும் சிவப்புத் துணி இல்லை. அவள் அதை அவிழ்த்து இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

நேராக மறுபக்கம் போனாள். அந்தப் பிள்ளையைத் தூக்கினாள். வழக்கமாக உட்காருகிற இருட்டு மூலைக்குப் போகவில்லை. வாசலுக்கு வந்து, வெயில் விழுகிற இடத்தில், அம்மாவின் காலடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

அம்மா கேட்டாள், "அது யார் பிள்ளைன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க அத்தை."

"நல்லாத் தெரியுதா?"

அண்ணி எச்சிலை விழுங்கினாள். "இன்னைக்கு நல்லாத் தெரியுதுங்க" என்றாள்.

அம்மா திரும்பி நடந்தாள். நாங்கள் சாயங்காலம் லயத்துக்குப் போனபோது, அண்ணியின் தட்டு, சொம்பு, கம்பளி எல்லாம் இஸ்தோப்பில் கிடந்தன. இஸ்தோப்பு என்றால் லயத்துக் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற சின்ன இடம். கூடை வைக்க, கோழி அடைக்க உதவும். காலையில் ஹல்துமுல்லைக்குப் போக வேண்டும், அது வரைக்கும் உள்ளே அடுப்பு இல்லை என்று அர்த்தம். அண்ணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் வேலை விட்டு வந்தான். இஸ்தோப்பைப் பார்த்தான். உள்ளே போனான். நான் அவன் பின்னாலேயே போனேன், ஏதாவது பேசினால் நாலு கேள்வி கேட்கலாம் என்று. அவன் அலமாரிப் பலகையிலிருந்து தன் தட்டை எடுத்தான். ஆணியில் தொங்கின கோட்டையும் எடுத்தான். வெளியே வந்து, கோட்டை அண்ணியின் தோளில் போட்டுவிட்டு, தன் தட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தான். அவன் முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். சிறுத்தையை விரட்டினதை ஆயிரம் தடவை சொன்னவன், இதைச் செத்துப்போகும் வரைக்கும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மருமகளைத் துரத்தலாம். மகனை எங்கே துரத்துவது? ஹல்துமுல்லைப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் அம்மா இறங்கி வரவும் இல்லை. இஸ்தோப்பிலேயே மூன்று கல்லை வைத்து அண்ணி அடுப்பு மூட்டினாள். முற்றத்து ஓரத்தில் கிடந்த விறகு எரிந்தது. அவர்கள் வெளியே, அம்மா உள்ளே. நான் உள்ளே ஒரு ரொட்டி, வெளியே ஒரு ரொட்டி என்று இரண்டு பக்கமும் தின்றேன். பெரியவர்கள் எங்கள் வீட்டில் தண்ணி வாங்குவதை நிறுத்தினார்கள். அண்ணியைப் பிள்ளை மாத்தி என்று கூப்பிடுவதை மலையில் எப்போது நிறுத்தினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாள் யாரும் கூப்பிடவில்லை. அவள் மட்டும் மாறவில்லை. அந்த வருஷமும் அட்டை கடித்தால் அழுதாள்.

ஒரு வருஷம் போய் மறுபடி மாசி வந்தது. பிள்ளைகள் இரண்டும் நடக்க ஆரம்பித்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் அண்ணியும் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தோம். கான் வெட்டுகிறவர் விறகுக் கட்டை ஓரத்தில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். மகன் அவர் கையை விட்டுவிட்டு எங்கள் பிள்ளையிடம் ஓடிவந்தான். அவள் அவனை இழுத்துக்கொண்டு எங்கேயோ போனாள். நாங்கள் மிளகாயைப் பார்த்தோம், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது இரண்டும் இஸ்தோப்பைத் தாண்டி, வாசல்படியைத் தாண்டி, உள்ளே அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றன.

"ஐயோ" என்று அண்ணி ஓடினாள். நானும் ஓடினேன். முற்றத்து ஓரத்தில் அந்த மனுஷர் கையைக் கூப்பிக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சூடான ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை ஊதி ஊதிப் பேத்தியின் கையில் வைத்தாள். உடனே பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். அந்தக் கை மடங்காமல் நீட்டினபடியே இருந்தது. அம்மா இன்னொரு துண்டைப் பிய்த்து, அதையும் ஊதினாள்.

"அத்தை," என்றாள் அண்ணி, வாசலைப் பிடித்துக்கொண்டு. "அத்தை, அது... அவன்..."

அம்மா ரொட்டியை அவன் கையில் வைத்து, கீழே விழாமல் விரலை மடக்கிவிட்டாள்.

"எவன்?" என்றாள். "எனக்கு என்னடி தெரியுது, ஒரே மூட்டமா இருக்கு."

அண்ணி வாசல்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் திரும்பி முற்றத்தைப் பார்த்தேன். வெயிலில் மிளகாய் சுருண்டுகொண்டிருந்தது.